வெறுங்கையும் பச்சை குத்திய கையும்

கராத்தே வகுப்பு எங்கே நடந்தாலும், பள்ளி மைதானத்திலோ கல்யாண மண்டபத்து மொட்டை மாடியிலோ, அங்கே ஒரு குருபரம்பரை இருக்கும். சில இடங்களில் அது சுவரில் படங்களாகத் தொங்கும். சில இடங்களில் பெல்ட் தேர்வின்போது வாய்மொழிக் கேள்வியாக வரும். மட்சுமுரா, அசாட்டோ, இட்டோசு, ஃபுனகோஷி என்று ஒகினாவாத் தீவின் ஆசிரியர்கள் வரிசையாக வருவார்கள். எல்லோரும் ஆண்கள். அந்த வரிசையை ஒப்பிக்கும் பிள்ளைகளில் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இந்தப் பட்டியல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் உள்ளவர்கள் உண்மையில் வாழ்ந்தவர்கள், கற்றவர்கள், கற்பித்தவர்கள். ஆனால் ஒரு பட்டியல் யாரையெல்லாம் எழுதத் தகுந்தவர்களாகக் கருதியது என்பதும் வரலாறுதான். கராத்தேயை யார் பழகினார்கள் என்று அந்தப் பட்டியலிடம் கேட்டால் அதற்கு விடை தெரியாது. யாருக்கு மாணவர்கள் சேர்ந்தார்கள், யாருக்கு மேடை கிடைத்தது, யார் புத்தகம் எழுதினார்கள் என்பதைத்தான் அது சொல்லும். பழகுவதும் பெயர் பெறுவதும் ஒன்றல்ல என்பது வீட்டுக்குள் ஆயுள் முழுக்க வேலை செய்த நம் பாட்டிமார்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதை ஒரே ஒரு கட்டாவின் வழியாகச் சொல்லிப் பார்க்கிறேன். அதன் பெயர் கான்கு டாய். ஷோட்டோகான் பிரிவில் பிளாக் பெல்ட் நிலையில் உள்ளவர்கள் பழகும் மேல்நிலைக் கட்டாக்களில் ஒன்று. மூன்றாண்டுகளாக நான் அதைப் பழகி வருகிறேன். வரலாறு படித்தவள் என்பதால், உடம்பு ஒரு பக்கம் பழக, மனம் இன்னொரு பக்கம் இது யார் கைமாறி என்னிடம் வந்தது என்று தேடிக்கொண்டே இருந்தது.

65 அசைவுகள்

கட்டா என்பது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவுகளின் வரிசை. சிலம்பத்தில் கம்பைச் சுழற்றுவதற்கு முன் காலடி வரிசை பழகுகிறோம் அல்லவா, அதைப்போல. எந்த அடிக்குப் பிறகு எந்தத் தடுப்பு, எந்தத் திசையில் திரும்ப வேண்டும், எங்கே மெதுவாக, எங்கே வேகமாக என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருக்கும். எழுத்தில் வைக்கமுடியாததை உடம்பில் எழுதி வைக்கும் முறை இது.

கான்கு டாயில் 65 அசைவுகள். செய்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்துக்குள் கத்திபோல விரித்த கைகளால் தடுப்பது, கழுத்துக்கு வெட்டுவது, ஈட்டிபோல விரல்களை நீட்டிக் குத்துவது, உதைப்பது, சட்டென்று தரையோடு தரையாகப் பதுங்குவது, எழுந்து திரும்புவது, கடைசியில் காற்றில் எழும்பி இரண்டு உதை விடுவது என்று எல்லாம் வரும். இரண்டே இடங்களில் அடிவயிற்றிலிருந்து முழங்க வேண்டும். அந்த முழக்கத்துக்குக் கியாய் என்று பெயர்.

தொடக்கம் மட்டும் நிதானமானது. தோளகலத்துக்குக் கால்களை வைத்து நின்று, இரு கைகளின் பெருவிரல்களும் சுட்டுவிரல்களும் ஒரு முக்கோணமாகச் சேர, கைகளை மெல்லத் தலைக்கு மேலே உயர்த்த வேண்டும். பார்வை கைகளோடு கூடவே எழுந்து, அந்த முக்கோணத்தின் வழியே மேலே போக வேண்டும். பிறகு கைகள் பிரிந்து ஒரு பெரிய வட்டமடித்துக் கீழே வந்து சேரும். கான்கு என்ற பெயருக்கு வானத்தைப் பார்ப்பது என்று பொருள்.

குனிந்த தலை நிமிராத பெண் என்பது நம் ஊரில் இன்னும் பாராட்டுமொழிதான். பெண் பார்க்க வந்தவர்கள் சொல்வார்கள், வகுப்பு ஆசிரியர்கள் சொல்வார்கள். அப்படி வளர்க்கப்பட்ட கழுத்துக்கு, பலர் பார்க்க நின்று நிதானமாக மேலே பார்ப்பது எளிய காரியமல்ல. எங்கள் வகுப்பில் இந்தக் கட்டாவைத் தொடங்கும் பெண்களில் பலருக்குக் கை உயரும், கண் உயராது. அவசரமாக அடுத்த அசைவுக்குப் போய்விடப் பார்ப்பார்கள். உதையைவிடவும் குதிப்பதைவிடவும் இந்த முதல் பார்வையைச் சரிசெய்யத்தான் அதிக நாள் ஆகிறது.

குதிப்பது வேறு வகைக் கடினம். இரண்டு பிரசவம் கண்ட இடுப்புக்கு அந்த இரட்டை உதையின் தரையிறக்கம் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி. இடுப்புத்தளத் தசைகளைப் பற்றிக் கராத்தே புத்தகங்களில் நான் படித்ததில்லை. ஒரே வகுப்பில் பழகும் தோழிகள் தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுதான் எங்கள் பாடம்: மூச்சை எங்கே விடுவது, அந்த மூன்று நாட்களில் எந்த அசைவைக் குறைத்துச் செய்வது, முட்டியைக் காத்துக்கொண்டு எப்படி இறங்குவது. இந்த அறிவும் ஒரு பரம்பரைதான். இதற்குப் பட்டியல் கிடையாது.

கட்டாவை முழுதாகக் கற்று முடித்தபோது அதில் பல துண்டுகள் எனக்கு முன்பே பழக்கமானவை என்று தெரிந்தது. வெள்ளை பெல்ட்டிலிருந்து நாங்கள் படித்த ஹெயான் என்னும் தொடக்கநிலைக் கட்டாக்களுக்குள் இதே வரிசைகள் சின்னச் சின்னதாக வந்திருக்கின்றன. அது தற்செயல் அல்ல. அதன் காரணத்துக்குள்தான் பெண்கள் விடுபட்ட கதையின் ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு முன் இந்தக் கட்டாவின் பழைய பெயரைப் பார்த்துவிடலாம்.

மெலிந்த ஒருவரின் வித்தை

கான்கு என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டில் வைத்தது. ஒகினாவாவில் இதன் பெயர் குசாங்கு. அது ஒரு மனிதரைக் குறிக்கும் பெயர். இன்றைய ஒகினாவா அன்று ரியூக்யூ என்ற தனி அரசு. சீனப் பேரரசுக்குத் திறை அனுப்பிக்கொண்டிருந்தது. 1609இல் ஜப்பானின் சட்சுமாப் படை வந்து வென்ற பிறகு அவர்களுக்கும் கட்டுப்பட்டிருந்தது.

1762இல் ரியூக்யூக் கப்பல் ஒன்று காற்றில் திசைமாறி ஜப்பானின் டோசா நாட்டுக் கரையில் ஒதுங்கியது. அதில் வந்தவர்களிடம் டோபே யோஷிஹிரோ என்ற அறிஞர் ரியூக்யூவைப் பற்றி விசாரித்து எழுதிவைத்தார். ஓஷிமாக் குறிப்புகள் என்று அறியப்படும் அந்த நூலில், சீனாவிலிருந்து சீடர்களோடு ரியூக்யூவுக்கு வந்து கைவித்தை காட்டிய ஒருவரைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. அவர்தான் குசாங்கு. அவர் மெலிந்த, வலுவற்ற தோற்றம் உடையவர் என்றும், பலசாலி ஒருவன் வந்து பற்றியபோதும் அவனை வீழ்த்தினார் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது.

ஒகினாவாவின் கைவித்தை பற்றிக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகளில் இது முக்கியமானது. அதில் பேசப்படுவது தசைவலிமை இல்லை. வலிமையில் குறைந்த உடல், தன்னைப் பற்றிப்பிடித்த வலிய உடலை எப்படிக் கவிழ்த்தது என்பதைத்தான் பார்த்தவர்கள் வியந்து நினைவில் வைத்திருந்தார்கள். “பெண்ணுடம்புக்குக் கராத்தே எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு, இந்தக் கட்டா தாங்கி நிற்கும் பெயரே ஒரு மெலிந்தவரின் பெயர் என்று சொல்லலாம்.

இன்னொரு ஏட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒகினாவா ஆசிரியர்கள் கைப்பிரதியாகப் பாதுகாத்துவந்த சீன நூல் ஒன்று உண்டு. ஜப்பானிய உச்சரிப்பில் அதன் பெயர் புபிஷி. மூலிகை, நரம்புப்புள்ளிகள், பிடிகள் என்று பலதும் அதில் இருக்கின்றன. அதில் வரும் ஒரு கதை, ஃபூஜியன் மாகாணத்து வெண்கொக்குப் போர்முறையைத் தோற்றுவித்தவர் ஃபாங் சீனியாங் என்ற பெண் என்கிறது. கொக்கின் அசைவைப் பார்த்துத் தன் தந்தையிடம் கற்ற வித்தையை அவர் புதிதாக வடித்தார் என்பது மரபு. இது வரலாறா புனைவா என்பது வேறு விவாதம். கராத்தேயின் ஆசிரியர்கள் போற்றிய நூலுக்குள்ளேயே தொடக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்பது முக்கியம்.

நம் ஊர் வகுப்புகளில் சொல்லப்படும் தோற்றக்கதை வேறு. காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர் சீனாவின் ஷாவோலின் மடத்தில் இந்தக் கலையைத் தொடங்கிவைத்தார் என்று சொல்வோம். 2011இல் வந்த ஏழாம் அறிவு திரைப்படத்துக்குப் பிறகு அது ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்த கதையாகிவிட்டது. போதிதர்மரை ஷாவோலின் உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி. ஆக, இரண்டுமே மரபுக்கதைகள். அவற்றில் இளவரசராகப் பிறந்த துறவியின் கதையை எடுத்துச் சுவரில் மாட்டினோம். கொக்கைப் பார்த்துக் கற்ற பெண்ணின் கதையை எடுக்கவே இல்லை. விடுபடுதல் என்பது எப்போதோ ஜப்பானில் நடந்து முடிந்த காரியமல்ல. நாமும் நம் பங்குக்கு அதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இரண்டு வகைக் கைகள்

1879இல் ஜப்பான் ரியூக்யூ அரசைக் கலைத்து, ஒகினாவா மாகாணமாக இணைத்துக்கொண்டது. அரசரின் அலுவலர்களாகவும் காவலர்களாகவும் இருந்த வகுப்பினர் வேலையிழந்தார்கள். அவர்களுக்குள் பழக்கத்தில் இருந்த கைவித்தை கேட்பாரற்றுப் போயிருக்கக்கூடும். அதைக் காப்பாற்றியது பள்ளிக்கூடம்.

1898இல் ஒகினாவாவில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. 1905 வாக்கில் இட்டோசு அன்கோ என்ற முதிய ஆசிரியர் மேல்நிலைப் பள்ளிகளில் கராத்தே கற்பிக்கத் தொடங்கினார். 1908இல் அவர் கல்வித்துறைக்குப் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு கடிதம் எழுதினார். கராத்தேயைப் பள்ளியிலிருந்தே பழக்கினால் பிற்காலத்தில் படைக்கு நல்ல வீரர்கள் கிடைப்பார்கள் என்பது அதில் அவர் வைத்த வாதங்களில் ஒன்று. நெப்போலியனை வென்ற வெல்லிங்டனைக்கூட எடுத்துக்காட்டினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி பெரிய கட்டாக்களின் பகுதிகளைக் கொண்டு ஐந்து சிறிய கட்டாக்களை வடிவமைத்தவரும் அவரே. குசாங்குவின் துண்டுகள் அவற்றில் இருக்கின்றன. வெள்ளை பெல்ட்டில் நாங்கள் கற்ற ஹெயான் வரிசை அவற்றிலிருந்து வந்ததுதான்.

இட்டோசுவைக் குறைசொல்வதில் பயனில்லை. தோற்றுப்போன ஒரு நாட்டின் கலையை ஆள்பவர்களின் மொழியில் பேசிக் காப்பாற்றினார். ஆனால் அந்த மொழி படைவீரனின் மொழி. கலை எந்த வாசல் வழியாகப் பொதுவெளிக்கு வந்ததோ, அந்த வாசலில் ஆண்பிள்ளைகள் மட்டும்தான் நின்றார்கள். குசாங்குவின் மெலிந்த உடல் போய், படைக்குத் தகுதியான உடல் வந்தது.

இதே ஆண்டுகளில் ஒகினாவாப் பெண்களின் கைகளுக்கு என்ன நடந்தது? ரியூக்யூப் பெண்கள் புறங்கையிலும் விரல்களிலும் மணிக்கட்டிலும் பச்சை குத்திக்கொள்வார்கள். அதற்கு ஹஜிச்சி என்று பெயர். தீவுக்குத் தீவு வடிவம் மாறும். பெண் வயதுக்கு வருவதையும் மணம் முடிப்பதையும் அது குறிக்கும். அம்பு முனை போன்ற உருவங்களும், நூல் நூற்பது, நெய்வது தொடர்பான உருவங்களும் அதில் இருந்தன. பச்சை இல்லாத கையோடு செத்தால் மறுமையில் நல்ல கதி இல்லை என்ற நம்பிக்கையும் உண்டு. நம் ஊரில் பச்சை குத்திக்கொண்ட பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நம்பிக்கை அந்நியமாகத் தோன்றாது.

1899இல் ஜப்பான் அரசு அதைத் தடை செய்தது. நாகரிகமற்ற வழக்கம் என்றது. குத்துபவர்களும் குத்திக்கொள்பவர்களும் தண்டனைக்கு ஆளானார்கள். மறைவாகக் குத்திக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். பிற்காலத்தில் வெளியூர் போனபோது ஏளனத்துக்கு அஞ்சிப் புறங்கையை மறைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. கராத்தே என்ற சொல்லுக்குள் இருப்பது கை. முதலில் அதைச் சீனக் கை என்ற பொருள்தரும் எழுத்தால் எழுதினார்கள். சீனாவோடு ஜப்பானின் பகை முற்றிய 1930களில், அதே ஒலியுடைய வேறு எழுத்தால் வெறுங்கை என்று எழுதுவது நிலைபெற்றது. குசாங்கு என்ற சீனப் பெயர் கான்கு ஆனதும் இந்தப் போக்கில்தான். அரசு ஒரு தலைமுறைக்குள் ஆணின் கையைப் பள்ளிக்குள் அழைத்தது. பெண்ணின் கையை அவமானம் என்று மறைக்கச் சொன்னது. இந்த இரண்டு செய்திகளும் தனித்தனிப் புத்தகங்களில் இருக்கின்றன, ஒன்று தற்காப்புக்கலை வரலாற்றில், மற்றது பெண்கள் வழக்காற்றியலில். சேர்த்துப் படித்தால்தான் ஒரே நவீனத்தின் இரண்டு பக்கங்கள் என்று தெரிகிறது.

படைவீரனாகத் தயார்ப்படுத்தாத பெண்பிள்ளைகளைப் போர் விட்டுவைக்கவும் இல்லை. 1945இல் ஒகினாவாவில் போர் நடந்தபோது இரண்டு பெண்கள் பள்ளிகளின் மாணவியரும் ஆசிரியர்களுமாக 240 பேர் ராணுவ மருத்துவமனைக் குகைகளில் வேலைசெய்ய அனுப்பப்பட்டார்கள். ஹிமெயுரி அணி என்று அறியப்பட்ட அவர்களில் 136 பேர் இறந்துபோனார்கள்.

களைப்புத் தீரக் கட்டா

குசாங்குவை ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கொண்டுபோனவர் ஃபுனகோஷி கிச்சின். பள்ளி ஆசிரியர். 1922இல் டோக்கியோவில் நடந்த உடற்கல்விக் கண்காட்சிக்காகப் போனவர், ஜூடோவின் தலைமையகமான கோடோகானிலும் கராத்தேயைச் செய்துகாட்டினார். அங்கே அவர் செய்தது குசாங்கு. கராத்தே வரலாற்றில் மறக்காமல் எழுதப்படும் நாள் அது. ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிக் கற்பித்தார். இன்று உலகம் முழுக்க ஷோட்டோகான் பழகுகிறவர்கள் அந்த முடிவின் விளைவுகள், நானும்தான்.

அவர் 1956இல் எழுதிய தன்வரலாறு ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. அதில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது, இரவில் விளக்கொளியில் ஆசிரியர் அசாட்டோ முன்பு ஒரே கட்டாவை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்த பகுதியை. அதே புத்தகத்தில் அவர் மனைவியைப் பற்றியும் சில பக்கங்கள் இருக்கின்றன. அவை யாராலும் பேசப்பட்டு நான் கேட்டதில்லை.

ஆசிரியர் சம்பளம் குறைவு, குடும்பம் பெரியது. மனைவி காய்கறி பயிரிட்டார், துணி நெய்தார், பிள்ளைகளை வளர்த்தார். கணவர் இரவெல்லாம் கராத்தே பழகப் போக முடிந்ததற்கு அடியில் இருந்தது அந்த உழைப்பு. ஃபுனகோஷி அதை நன்றியோடுதான் எழுதுகிறார். நன்றி சொன்னதற்காக அவரைப் பாராட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் அவர் இன்னொன்றும் சொல்கிறார். வேலையில் களைத்துப்போகும்போது மனைவி படுத்து ஓய்வெடுக்காமல் வெளியே போய்க் கட்டா பழகுவாராம். நாளடைவில் தேர்ந்தவர்களுக்கு இணையாக அவர் கை கால் அசைந்ததாம். அக்கம்பக்கத்தில் குடித்துவிட்டு யாராவது சண்டை போட்டால், கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில் அவரே போய்ப் பேசி விலக்கிவைப்பாராம்.

இந்தச் சில வரிகளை நான் பலமுறை படித்திருக்கிறேன். கராத்தேயின் நவீனத் தந்தை என்று அழைக்கப்படுபவரே எழுதிய வாக்குமூலம் இது: என் வீட்டில் ஒரு பெண் கட்டா அறிந்திருந்தாள், நன்றாகவே அறிந்திருந்தாள். அவர் யாரிடம் கற்றார் என்ற கேள்விக்குப் பெரிய விடை தேவையில்லை. கணவர் பழகுவதைப் பார்த்திருப்பார், கேட்டிருப்பார், செய்திருப்பார். சமையலும் நெசவும் மருத்துவமும் பெண்களிடம் வந்த வழியும் இதுதான். அவருக்குச் சான்றிதழ் இல்லை, பெல்ட் இல்லை, சீடர் இல்லை. நான் படித்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அவர் பெரும்பாலும் “என் மனைவி” என்றே வருகிறார்.

இன்னும் ஒன்று. அவர் பழகியது போருக்கோ போட்டிக்கோ இல்லை, களைப்புத் தீர. வயலும் தறியும் பிள்ளைகளும் எடுத்துக்கொண்ட உடம்பை, நாளின் ஒரு சிறு துண்டு நேரம் தனக்கென்று திரும்ப எடுத்துக்கொள்வதற்கு அவருக்குக் கட்டா வழியாக இருந்திருக்கிறது. இட்டோசுவின் கடிதம் சொன்ன பயன்களில் இது இல்லை. என்னோடு பழகும் பெண்கள் வகுப்புக்கு ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால் சொல்லும் பதிலில் இது இருக்கிறது. “அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க” என்றார் ஒருவர்.

கணவர் டோக்கியோவில் தங்கிவிட்டபோது அவர் உடன் போகவில்லை. குடும்பத்தின் முன்னோர் வழிபாட்டை விட்டு வர மறுத்து ஒகினாவாவிலேயே இருந்தார். ஃபுனகோஷியின் டோக்கியோ வாழ்வும் புகழும் மனைவி இல்லாத வீட்டில் வளர்ந்தவை. போர் முடிந்த காலத்தில் கியூஷுத் தீவின் ஓயிட்டாவில் அகதியாக இருந்த மனைவியிடம் அவர் போய்ச் சேர்ந்தார். 1947இல் மனைவி அங்கே இறந்தார்.

நடனம் என்றார்கள்

முதல் உலகக் கராத்தே போட்டி 1970இல் டோக்கியோவில் நடந்தது. பெண்களுக்கு இடமில்லை. 1980இல் மாட்ரிட்டில் பெண்களுக்கான கட்டாப் போட்டி வந்தது. நேருக்கு நேர் மோதும் குமிதே 1982இல் தைப்பேயில்தான் வந்தது. பெண்ணுக்கு முதலில் திறந்தது கட்டாவின் வாசல் என்பதைக் கவனிக்க வேண்டும். எதிராளி இல்லை, அடி படாது, பார்க்க அழகாக இருக்கும். இந்த எண்ணம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பெற்றோர் கேட்பார்கள்: “கட்டா மட்டும் போதுமே மாஸ்டர், பொண்ணு முகத்துல அடி பட்டுட்டா?” கட்டா செய்பவர்களை டான்ஸ் ஆடுகிறார்கள் என்று கிண்டல் செய்யும் பையன்களும் உண்டு. நடனம் என்ற சொல் எப்போது வசைச்சொல்லாகிறது என்று பாருங்கள். பெண் செய்வதாக ஒன்று பெயரெடுத்த உடனே அதன் மதிப்பு குறைகிறது.

பெண்கள் அந்த வாசல் வழியாக உள்ளே போய் என்ன செய்தார்கள் என்பதற்கும் இந்தக் கட்டாவின் குடும்பமே சாட்சி. குசாங்குவுக்குப் பல கிளைகள். அவற்றில் ஒன்று சாட்டான்யாரா குசாங்கு. 2012இல் பாரிஸில் நடந்த உலகப் போட்டியின் இறுதியில் ஜப்பானின் ரிகா உசாமி அதைச் செய்து பட்டம் வென்றார். கராத்தே பழகாதவர்கள்கூடப் பார்த்து வியந்த காணொளி அது. கராத்தே முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற டோக்கியோப் போட்டியில், 2021 ஆகஸ்ட் 5 அன்று, பெண்கள் கட்டாவின் இறுதிச்சுற்றில் ஸ்பெயினின் சாண்ட்ரா சாஞ்செஸ் அதே கட்டாவைச் செய்து ஜப்பானின் கியோ ஷிமிசுவை வென்றார். 28.06க்கு 27.88. சாஞ்செஸுக்கு அப்போது வயது 39. 1922இல் ஒரு பள்ளி ஆசிரியர் குசாங்குவைச் செய்துகாட்டிய அதே நகரத்தில், ஒரு நூற்றாண்டு நிறையும் தறுவாயில், குசாங்குவின் ஒரு வடிவத்துக்காகப் பெண்ணொருத்தியின் கழுத்தில் ஒலிம்பிக் தங்கம் ஏறியது.

இதைப் பெரிதாகக் கொண்டாடலாம், கொண்டாடவும் வேண்டும். ஆனால் பதக்கமும் பட்டியல் போன்றதுதான். மேடையில் ஏறியவர்களின் பெயரை அது காப்பாற்றும். கொல்லைப்புறத்தில் பழகியவர்களின் பெயரைக் காப்பாற்றாது.

பிடித்த கையை விடுவித்தல்

கட்டாவின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பயன்பாடு உண்டு. அதைப் பிரித்துப் பார்ப்பதற்குப் புங்காய் என்று பெயர். வழக்கமாக வகுப்பில் எதிராளி ஒரு அடி முன்னால் வந்து நேராகக் குத்துவார், நாம் தடுத்துத் திருப்பி அடிப்போம். சமமான இருவர் தூரத்தில் நின்று தொடங்கும் மோதல். பெண்கள் சந்திக்கும் வன்முறை பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை. கையைப் பிடிப்பார்கள், முடியைப் பிடிப்பார்கள், சுவரோடு தள்ளுவார்கள், பின்னாலிருந்து அணைப்பார்கள். செய்பவர் தெரிந்தவராகவே இருப்பார். பேருந்தில் என்றால் தூரம் என்பதே கிடையாது.

கான்கு டாயில் ஓர் இடம் வரும். ஈட்டிபோல நீட்டிய வலக்கையை எதிராளி பற்றிக்கொள்வதாக வைத்துக்கொண்டு, கையை இழுக்காமல் உடம்பையே முறுக்கித் திரும்பி விடுவித்து, திரும்பிய வேகத்திலேயே அடிக்கும் இடம். கையைப் பற்றியவனின் பலத்தோடு கையால் போட்டியிடாதே, உன் முழு உடம்பையும் அதற்குள் கொண்டு வா என்பது அதன் பாடம். அதைத் தோழிகளோடு பிரித்துப் பழகும்போதெல்லாம் ஓஷிமாக் குறிப்புகளின் அந்தச் சில வரிகள் எனக்கு நினைவுக்கு வரும். பலசாலி வந்து பற்றினான், மெலிந்தவர் வீழ்த்தினார். குத்தும் உதையும் முதன்மையாகாத காலத்து வித்தை இதற்குள் இன்னும் உறைந்திருக்கிறது. பள்ளிக்காகவும் படைக்காகவும் மேலே பூசியதைக் கொஞ்சம் சுரண்டினால் அது தென்படுகிறது. பெண்ணின் அனுபவத்திலிருந்து புங்காய் படிப்பது மரபை மீறுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். என் வாசிப்பில் அது மரபின் பழைய அடுக்குக்குத் திரும்புவது.

ஒரு கட்டா எதிரியை வீழ்த்தும் என்று நம்பி எந்தப் பெண்ணையும் இருட்டுத் தெருவுக்கு அனுப்ப நான் தயாராக இல்லை. பாதுகாப்பைப் பெண்ணின் பயிற்சிப் பொறுப்பாக மாற்றிவிட்டு, தெருவையும் வீட்டையும் சட்டத்தையும் கேள்வி கேட்காமல் விடும் தந்திரம் நாம் அறிந்ததே. இங்கே என் அக்கறை அறிவைப் பற்றியது. தலைமுறைகளாக உடம்பில் எழுதிவந்த ஓர் ஏட்டைப் பெண்கள் படிக்கலாம், அதற்கு உரை எழுதலாம், தங்கள் கைப்பட அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

இப்போது நான் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும்போது பரம்பரையைச் சொல்லத்தான் செய்கிறேன். மட்சுமுரா, அசாட்டோ, இட்டோசு, ஃபுனகோஷி. அதோடு கொக்கைப் பார்த்துக் கற்ற ஃபாங் சீனியாங்கின் கதையையும், வேலை முடிந்து களைப்போடு வெளியே வந்து கட்டா பழகிய ஃபுனகோஷி வீட்டுப் பெண்ணின் செய்தியையும் சொல்கிறேன். முன்னது கதை என்றும் பின்னது கணவரே எழுதிவைத்தது என்றும் பிரித்தே சொல்கிறேன்; பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு புரிகிறது. போன மாதம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அப்போ அவங்க என்ன பெல்ட், அக்கா?” அவர் காலத்தில் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பெல்ட் கட்டிவிடவில்லை என்றேன். “பெல்ட் இல்லாமலேயா அவ்வளவு நல்லா செஞ்சாங்க?” என்று வியந்துவிட்டு வரிசைக்கு ஓடினாள். அந்த வியப்பு அவளுக்கு இருக்கட்டும். பட்டியல்களைப் படிக்க அது உதவும்.